உள்ளூர் வண்டியா, வடக்கு லைனா?



கைக்குழந்தைக்கு முதல் ஆகாரம் பற்றி இந்த இதழில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழில் வரும். அதற்கு முன்னால் பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு கடிதம் வந்திருக்கிறது.

சின்னசேலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். வயது 23. குழந்தைக்கு ஐந்து மாதம். வீட்டுக்காரர் ஓர் அரிசி மில்லில் லாரி ஓட்டுகிறார். இப்போது நாமக்கல் பக்கத்து ஓனர் ஒருவர் வடக்கு லைன் வண்டிக்குக் கூப்பிடுகிறாராம். "சம்பளம் ரெண்டு மடங்கு வரும்கிறாங்க அக்கா. மாமியார் போகட்டும்னு சொல்றாங்க. எங்க அம்மா, பச்சைப் புள்ளையை வச்சுக்கிட்டு ஒத்தையில கெடப்பியாடின்னு அழறாங்க. அவரு என்னைக் கேக்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியலை. தை பொறக்கறதுக்குள்ள ஓனருக்குப் பதில் சொல்லணும்" என்று எழுதியிருக்கிறாள்.

இந்தக் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி "அவரு என்னைக் கேக்கறாரு" என்பதுதான். எத்தனையோ வீடுகளில் ஓனர் போன் வந்தபிறகு, பையில் ரெண்டு கைலியும் ஒரு துண்டும் திணிக்கிறபோதுதான் பெண்டாட்டிக்கே விஷயம் தெரியும். கேட்கிற புருஷன் கிடைத்திருக்கிறார். அப்படிக் கேட்கிறவருக்கு "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் பத்து வருஷம் குறைப்பட்டுக்கொள்வது நியாயமில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பதில் சொல்லவேண்டும்.

நானும் டிரைவர் பெண்டாட்டிதான். என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் வடக்கே ஓட்டினார். அதற்குப் பிறகு உள்ளூர். இரண்டு வாழ்க்கையும் எனக்குத் தெரியும் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இந்தத் தொழில் தெரியாத சகோதரிகளுக்காக நம் ஊர்ச் சரக்கு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். கல்வராயன் மலையில் மரவள்ளி நிறைய விளைகிறது. வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் பிடுங்கின கிழங்கை மினி லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, கோமுகி அணையைத் தாண்டிக் கச்சிராயபாளையம் வந்து, சின்னசேலம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளில் கொண்டுபோய்க் கொட்டுகிறார் ஒரு டிரைவர். காலையில் போனவர் பெரும்பாலும் ராத்திரிச் சோற்றுக்கு வீட்டில் இருப்பார். இது உள்ளூர் ஓட்டம்.

அதே கிழங்கு ஆலையில் அரைபட்டு, பாலாகி, மாவாகி, ஜவ்வரிசி மூட்டையாக மறுபடி லாரி ஏறுகிறது. இந்தத் தடவை மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் என்று போகிறது. நாம் ஜவ்வரிசியைப் பாயசத்துக்கும் வடாத்துக்கும் வைத்திருக்கிறோம். அங்கே பெண்கள் விரத நாளில் சோறு தொடாமல், ஜவ்வரிசியை ஊறவைத்து, வேர்க்கடலைப் பொடி தூவிக் கிச்சடி செய்து சாப்பிடுகிறார்கள். நம் மலைக் கிழங்கு அவர்களுடைய விரதத்துக்குப் போகிறது! அதைக் கொண்டுபோகிறவர் லைன் டிரைவர். அவர் வீடு திரும்ப இரண்டு வாரமும் ஆகலாம், நாலு வாரமும் ஆகலாம்.

ஏன் அவ்வளவு நாள் என்று கேட்பீர்கள். சேலத்திலிருந்து தில்லி 2,300 கிலோமீட்டருக்கு மேல். பாரம் ஏற்றின வண்டி நாளுக்கு 300, 400 கிலோமீட்டர் ஓடினால் பெரிசு. போகவே ஒரு வாரம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு மாநில எல்லைகளில் வரிச் செக் போஸ்டில் மணிக்கணக்காக நிற்பது போய்விட்டது. ஆனால் ரிட்டன் லோடு கிடைக்காமல் டிரான்ஸ்போர்ட் நகரில் நாலு நாள், ஐந்து நாள் படுத்துக் கிடப்பது போகவில்லை. திரும்பி வருகிற லோடும் நேரே நம் ஊருக்கு இருக்காது. விசாகப்பட்டினத்துக்கு ஒன்று, அங்கிருந்து பெங்களூருக்கு ஒன்று என்று சுற்றிச் சுற்றித்தான் வீடு வந்து சேர்வார்.

இப்போது அந்த "ரெண்டு மடங்கு" கணக்கைப் பார்ப்போம்.

லைன் வண்டியில் பல ஓனர்கள் மாதச் சம்பளம் என்று கொடுப்பதில்லை. வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு, அல்லது நடைக்கு இவ்வளவு படி என்று பேசுவார்கள். அந்தக் காசில்தான் மூன்று வேளைச் சாப்பாடு, டீ, குளிக்கிற இடத்துக்குக் கொடுப்பது, தார்ப்பாய் கட்ட ஆள், வழியில் நீளுகிற கைகள் எல்லாம். இதில் எது ஓனர் கணக்கு, எது டிரைவர் கணக்கு என்று முதலிலேயே பேசாவிட்டால், ஊருக்கு வந்து கணக்கு முடிக்கிற அன்றைக்குத்தான் முகம் சுருங்கும். ஒரு பேச்சுக்கு, நாள் ஒன்றுக்கு வழிச்செலவு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 25 நாளைக்கு 7,500 ரூபாய். உள்ளூர் டிரைவர் வீட்டில் இருந்து தூக்குப் போணியில் சோறு கொண்டுபோகிறார். அவருக்கு இந்தச் செலவில் முக்கால்வாசி இல்லை.

உள்ளூர் ஓட்டத்துக்கும் ஓர் ஓட்டை இருக்கிறது. அது பருவத்துத் தொழில். கரும்பு அரவை நடந்தால் வண்டி ஓடும். கிழங்கு வந்தால் ஓடும். நெல் வந்தால் ஓடும். நடுவில் சில மாதங்கள் வண்டி ஷெட்டில் நிற்கும். மளிகைக் கடையில் நம் பெயரில் ஒரு பக்கம் ஏறும். அதனால் மாதக் கணக்கு வேண்டாம், வருஷக் கணக்குப் போடுங்கள். பன்னிரண்டு மாதத்தில் வீட்டுக்குள் வந்து சேருகிற பணம் எவ்வளவு? அதை மட்டும் ஒப்பிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு குயர் நோட்டில் எழுதிப் பார்த்தபோது, வடக்கு லைனில் அதிகம் வந்தது வாஸ்தவம்தான். ஆனால் ரெண்டு மடங்கு இல்லை, ஒன்றரை மடங்கைக்கூடத் தொடவில்லை. அந்த அதிகப் பணத்தில்தான் எங்கள் ஓட்டு வீடு மெத்தை வீடாயிற்று என்பதையும் நான் மறைக்கமாட்டேன்.

பணத்துக்கு அடுத்தது ராத்திரி. "உள்ளூர் வண்டி, தினம் வீட்டுக்கு வந்துடுவார்" என்று நம்பிவிடாதீர்கள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் ஓடுகிற நாளில், கரும்பு லோடு எடைமேடைக்கு முன்னால் வரிசையில் நிற்கும். வரிசை நகர்கிறவரை டிரைவர் வண்டியடியில் துண்டை விரித்துத்தான் படுக்கவேண்டும். டிப்பர் ஓட்டுகிறவருக்கு நடைக் கணக்கு. இருட்டோடு எழுந்து இருட்டியபின் வருவார். அரிசி லோடு ஏற்றிச் சென்னைக்குப் போகிறவர் 250 கிலோமீட்டரைப் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓட்டுவார். ஆகவே, "எத்தனை கிலோமீட்டர்?" என்பதைவிட, "வாரத்தில் எத்தனை ராத்திரி வீட்டில் தூங்குவார்?" என்று கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

போன ஆடி முடிந்து ஒரு கல்யாணத்துக்காக வெள்ளிமலை போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் வீட்டுக்காரர் மலையில் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். கீழே கிழங்கும் சாமையும் இறக்குவார், மேலே சிமெண்டும் மளிகையும் ஏற்றுவார். "தெனமும் வீட்டுக்கு வந்துடறாரே, உனக்கென்ன கவலை?" என்று கேட்டேன். "மழைக்காலத்துல மூட்டம் எறங்கிடுச்சுன்னா முன்னாடி போற வண்டி தெரியாது அக்கா. அவரு வர்ற வரைக்கும் என் காது ரோட்டுலயேதான் இருக்கும்" என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "ராத்திரியில யாருக்காவது வலி கண்டாலும், பாம்பு கடிச்சாலும் எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. அந்தக் காசு பாதி வரும், பாதி வராது. ஆனா ஊர்ல அவருக்கு ஒரு மரியாதை இருக்கு" என்றாள். இந்த மரியாதையை எந்த ஓனரும் படியில் சேர்த்துக் கொடுக்க முடியாது. வடக்கே ஓட்டிய காலத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு என் வீட்டுக்காரர் முகமே தெரியாது.

உடம்புக்கு வருகிறேன். நம் பத்திரிகையில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

லாரி டிரைவருக்கு இடுப்பும் முதுகும்தான் முதலில் போகும். நாள் முழுக்க உட்கார்ந்து, இஞ்சின் அதிர்ச்சியை முதுகெலும்பு வாங்கிக்கொண்டே இருக்கிறது. அடிக்கடி வண்டியை ஓரம் கட்ட முடியாது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். சிறுநீரகத்தில் கல் வரும். நார்ச்சத்து இல்லாத சாப்பாடு, நடமாட்டம் இல்லாத உடம்பு; மலச்சிக்கலில் தொடங்கி மூலத்தில் முடியும். நாற்பதைத் தொடுவதற்குள் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் எட்டிப் பார்க்கும். கேபின் சூடு வேறு. 2025 அக்டோபர் 1-ந் தேதிக்குப் பிறகு தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. இருந்தே ஆகவேண்டும் என்று விதி வந்துவிட்டது. பழைய வண்டிகளுக்கு அது கிடையாது. உன் வீட்டுக்காரருக்குக் கொடுக்கப்போகிற வண்டி எந்த வருஷத்து வண்டி என்று கேள், தங்கையே.

எல்லாவற்றையும்விடப் பெரியது தூக்கம். ஒரு மனுஷன் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், அவனுடைய கவனமும் கை வேகமும் மது குடித்தவன் அளவுக்கு மந்தப்பட்டுவிடுகின்றன என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்துச் சொன்னார்கள். எந்த அளவு மது தெரியுமா? நம் நாட்டுச் சட்டம் டிரைவருக்கு அனுமதிக்கிற அளவைத் தாண்டிய மது! ஒரு சொட்டுக் குடிக்காத உத்தமராகவே இருக்கட்டும், விடிய விடிய ஓட்டினால் கதை அதுதான். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்காக 1961-ல் வந்த சட்டமே நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது. தூர வழியென்றால் அனுமதியோடு 10 மணி நேரம் வரை. காகிதத்தில் இருந்த அந்தக் கணக்கு ரோட்டில் எத்தனை வண்டிக்கு இருந்தது என்று டிரைவர் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதி 2018 வரை இருந்தது. அந்த வருஷம் எடுத்துவிட்டார்கள். அதனால் இப்போது அது ஓனரின் மனசைப் பொறுத்தது. செட் டிரைவர் உண்டா, இல்லை தனி ஆளா என்பதை நான் சம்பளத்துக்கும் முன்னால் கேட்பேன். தனி ஆள் என்றால் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் என் தங்கைக்குச் சொல்வேன்.

உடம்பு வலிக்கு என்று குடிக்கிற பழக்கமும் இந்தத் தொழிலில் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. வடக்கே போனால்தான் கெடுவார், உள்ளூரில் கண்ணுக்கு முன்னால் இருப்பார் என்று சில மாமியார்கள் சொல்வார்கள். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதே, அது கண்ணுக்கு முன்னால் நடந்ததுதானே?

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். கூட்டுக் குடும்பத்தில் இருக்கிற சகோதரிகள் இந்தப் பகுதியைத் தனியாக இருக்கும்போது படித்துக்கொள்ளுங்கள். ஆனால் படிக்காமல் விடாதீர்கள்.

1986-ல் சென்னையில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. இருப்பதை டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அடுத்த பத்து, பதினைந்து வருஷத்தில் லாரி ஓடுகிற ஊர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாமக்கல் பக்கத்துப் பெண் கௌசல்யா, 1995-ல் லாரி டிரைவரான உறவுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே தனக்கு அந்தத் தொற்று வந்திருப்பதை அறிந்தார். மூலையில் உட்கார்ந்துவிடாமல், வேறு சில பெண்களோடு சேர்ந்து 1998-ல் பாசிட்டிவ் உமன் நெட்வொர்க் என்ற அமைப்பை ஆரம்பித்தார். தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் ஊர் ஊராகப் பேசினார். வீட்டோடு இருக்கிற, ஒரு தப்பும் அறியாத பெண்ணுக்கும் இது வரும் என்று தமிழ்நாட்டுக்குப் புரிந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இதைச் சொல்வதால் டிரைவர் என்றாலே சந்தேகப்படவேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரக்கணக்கில் வீட்டு நினைப்போடு ஒழுங்காக ஓட்டிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். தொற்றும் அந்தக் காலத்து வேகத்தில் இப்போது இல்லை. மருந்தும் 2004 முதல் அரசாங்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; ஒழுங்காகச் சாப்பிட்டால் நீண்ட நாள் நன்றாக வாழலாம். நான் சொல்வது பரிசோதனையைப் பற்றி மட்டும். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. காசு கிடையாது, விஷயம் வெளியே போகாது. "உங்களைச் சந்தேகப்படறேன்" என்று ஆரம்பித்தால் வீட்டில் சண்டைதான் வரும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கண், ரத்தம் எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொள்வது டிரைவர் உடம்புக்கு நல்லது என்று சொல்லுங்கள். நீங்களும் கூடப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி வந்தபிறகு நம் மாவட்டத்துக்காரர்கள் இதற்கெல்லாம் விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் அலையவேண்டியதில்லை.

இன்னொன்று. வீட்டுக்காரர் மாதத்துக்கு நாலு நாள் வருகிற வீடுகளில்தான் அடுத்த பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுகிறது. "அவர்தான் இல்லையே" என்று மாத்திரையை நிறுத்திவிடுவோம். அவர் திடீரென்று வந்து நிற்பார். மாத்திரை அப்படி வந்த அன்றைக்கு மட்டும் போட்டுக்கொள்கிற சமாசாரம் இல்லை. தவிரவும், பால் கொடுக்கிற தாய் முதல் ஆறு மாதத்துக்குச் சாதாரணக் கருத்தடை மாத்திரையைச் சாப்பிடக்கூடாது. "இன்னும் தூரமே ஆகலையே, பயமில்லை" என்பதும் குழந்தை வெறும் தாய்ப்பாலில் இருக்கிறவரைதான். கஞ்சியும் கூழும் ஊட்ட ஆரம்பித்தபின் அந்தக் காப்பு நம்பத்தக்கதல்ல. லைன் டிரைவர் வீட்டுப் பெண்ணுக்குக் காப்பர்-டி சௌகரியம். டாக்டரம்மாவையோ நர்சம்மாவையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கடிதம் எழுதிய தங்கைக்கு என் பதில் என்ன?

ஐந்து மாதக் குழந்தை. உனக்கும் பிரசவ அசதி இன்னும் முழுசாகப் போயிருக்காது. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் ஆட்டோ கூப்பிட யார் இருக்கிறார்கள்? மாமியார் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர் என்றால் அது பெரிய பலம். "போகட்டும்" என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடுகிற மாமியார் என்றால் கணக்கு வேறு. என்னைக் கேட்டால், குழந்தைக்கு ரெண்டு வயசு ஆகிறவரை வடக்கு லைன் வேண்டாம். முதல் ரெண்டு வருஷத்தில்தான் குழந்தை முகம் பார்க்கும், தவழும், "அப்பா" என்கும். என் மூத்தவன் ஒன்றரை வயசில் அவன் அப்பாவைப் பார்த்துப் பயந்து என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளித் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் கடன் இருக்கிறது, வட்டி ஏறுகிறது என்றால் நான் இப்படிப் பேசமாட்டேன். கந்து வட்டி வீட்டுக்குள் இருக்கும்போது அப்பாவும் வீட்டுக்குள் இருந்து என்ன செய்வது? அப்போது போகட்டும். ஒரு வருஷம், இத்தனை ரூபாய்க் கடன் அடைகிறவரை என்று நாள் குறித்துவிட்டுப் போகட்டும். நாள் குறிக்காமல் போனவர்கள் பலரும் முதுகு போனபிறகுதான் திரும்பி வருகிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சென்னை, பெங்களூர், கொச்சி என்று ஒரே ஊருக்கு மாறாமல் போய் வருகிற லைன்கள் உண்டு. வாரத்தில் மூன்று, நாலு ராத்திரி வீட்டில். வருமானம் உள்ளூரைவிடக் கொஞ்சம் கூட. "வடக்கு இப்ப முடியாது, இந்த மாதிரி லைன் இருந்தா குடுங்க" என்று ஓனரிடம் கேட்டுப் பார்க்கச் சொல். நல்ல டிரைவருக்குத் தட்டுப்பாடு இருக்கிற காலம் இது. கேட்டால் குறைந்துபோகமாட்டார்.

எந்த வண்டியானாலும், ஏறுவதற்கு முன்னால் வண்டியின் இன்ஷூரன்ஸில் டிரைவருக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். சும்மா வாய்வார்த்தை போதாது, பாலிசிக் காகிதத்தைக் காட்டச் சொல்லவேண்டும். பாங்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதம மந்திரி விபத்துக் காப்பீடு ஒன்று இருக்கிறது. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். 20 ரூபாய் ஒரு முழம் பூவுக்குக்கூடக் காணாது. இதைப் போடாத டிரைவர் வீடு இருக்கவே கூடாது. வாரிசுதாரர் பெயர் உன் பெயர்தானா என்றும் பார். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட கணக்குகளில் பெரும்பாலும் அம்மா பெயர் இருக்கும். மாற்ற யாருக்கும் ஞாபகம் வராது. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று தமிழ்நாட்டில் நல வாரியமும் இருக்கிறது. அதில் பதிந்துவைத்தால் பிள்ளைகள் படிப்புக்கு, பிரசவத்துக்கு, விபத்துக்கு உதவி உண்டு.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஓட்டுகிற நேரத்தில் நாம் கூப்பிடக்கூடாது. சிலிண்டர் தீர்ந்ததும், நாத்தனார் பேசினதும் ஸ்டியரிங் பிடித்திருக்கிறவர் காதில் போகவேண்டிய சங்கதிகள் இல்லை. எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரைக்கு, சாப்பாட்டுக்கு வண்டியை ஓரம் கட்டியதும் அவர்தான் கூப்பிடுவார். அது வரை எது நடந்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன். குழந்தைகள் உடம்பு விஷயம் மட்டும் விதிவிலக்கு.

கட்டிக்கொடுக்கிற சாப்பாட்டில் கொஞ்சம் அக்கறை எடுத்துக்கொண்டால் வழியில் பாதி வயிற்று வலி குறையும். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மேலே மிதக்கக் காய்ச்சி, ஈரமில்லாத பாட்டிலில் போட்டுக் கொடுங்கள். பல நாள் தாங்கும், வெறும் சோறு எங்கே கிடைத்தாலும் பிசைந்துகொள்ளலாம். கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி, வறுத்த வேர்க்கடலை தனித்தனியாக. முதல் நாளைக்கு மட்டும் எலுமிச்சைச் சாதம். தயிர்ச் சாதம் வேண்டாம், கேபின் சூட்டில் மத்தியானமே புளித்துவிடும். ராத்திரி ஓட்டம் இருக்கிற அன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டால் தூக்கம் தள்ளும்; மலைச் சாமை கிடைத்தால் வாங்கிவைத்து, அதில் அரை வயிற்றுக்கு உப்புமா கிண்டிக் கொடுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை அவர் கை எட்டுகிற இடத்தில் நீங்களே கொண்டுபோய் வையுங்கள். பின்னால் வைத்தால் குடிக்கமாட்டார்.